முன் சீட்டு

தம்பி, ஜன்னலோரம் உக்காந்திருக்கீங்களே, ஒரு ஒத்தாசை பண்ணோணும். பஸ்ஸு வளைவுல திரும்பறப்பெல்லாம் கீழ பள்ளத்தை ஒருக்கா எட்டிப் பார்த்துச் சொல்லுங்க. வெள்ளையா, நீளமா, மேல ஏசி பொட்டி வெச்ச வண்டி ஏதாச்சும் கிடக்குதான்னு.

பதறாதீங்க. கிடக்காது. இருந்தாலும் பாருங்க. நானே எட்டிப் பார்ப்பனுங்க, எனக்கு மலை ஏறுனா தலை சுத்தும்.

யாரு வண்டியா? எங்க வண்டிதான். வாடகைக்கு எடுத்தது. கேரவன். சினிமாக்காரங்க வெச்சிருப்பாங்களே, உள்ளயே கட்டில், சோபா, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்குமே, அது. அதுல எங்க ஊட்டம்மா இருக்கா. வசந்தாமணி. மேட்டுப்பாளையத்துல என்னை டீக்கடையில வுட்டுப்போட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டா.

இல்லீங்க, டிரைவர் எடுத்துட்டுப் போகல. டிரைவர் அதோ, கடைசி சீட்டுல வாயைப் பொளந்துட்டுத் தூங்கறானே, கட்டம் போட்ட சட்டை, அவன்தான். ரங்கராஜு. நானும் அவனும் டீக் கிளாஸைப் பிடிச்சுட்டு நிக்கறோம், கண்ணு முன்னால வண்டி நவுருது. எவனோ திருடிட்டான்னு நினைச்சேன். பார்த்தா ஸ்டியரிங்ல வசந்தாமணி. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, கையை வெளிய நீட்டி, பின்னால வந்த லாரியை நிறுத்திப்போட்டுத் திருப்பிட்டுப் போறாளுங்க. அறுபத்திமூணு வயசு. தெனமும் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிற பொம்பளை.

நான் என்ன பண்ணேன்னு கேக்கறீங்களா? என்ன பண்ணறது, கையில சூடா டீ இருந்துச்சு.

சித்த நேரம் கழிச்சு அவளே போன் பண்ணுனா. "வண்டியை ஓரங்கட்டிட்டுத்தானுங்க பேசறேன், ஓட்டிட்டே பேசக் கூடாது"ன்னு ஆரம்பிச்சா. எனக்கே சட்டம் சொல்றா. "நான் கோத்தகிரி போறேன். மார்க்கெட்டுகிட்ட நிப்பேன். நீங்க பஸ்ஸைப் பிடிச்சு வாங்க. வந்தா முன் சீட்டுல எம்பக்கத்துல உக்காரோணும். தூங்கக் கூடாது. பார்த்துப் போ, பார்த்துப் போன்னு சொல்லக் கூடாது. முடியாதுன்னா வந்த பஸ்லயே திரும்பித் திருப்பூர் போயிருங்க, மீதி ஊரை நான் சுத்திப் பார்த்துட்டு வந்துக்கறேன்." அவ்வளவுதான், வெச்சுட்டா.

இப்ப நீங்க நியாயத்தைச் சொல்லுங்க. உங்களைப் பார்த்தா படிச்சவராத் தெரியுது. நான் அந்தச் சீட்டுல உக்காரலாமா, கூடாதா? இந்த மலை ஏறி முடியறதுக்குள்ள எனக்கு ஒரு முடிவு வேணும்.

முன் சீட்டு எனக்குப் புதுசில்லீங்க. நான் எடை அளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். சென்னியப்பன். கடை கடையாப் போயித் தராசு, படிக்கல்லு, அளவு லிட்டர் எல்லாத்தையும் பார்த்து முத்திரை போடற உத்தியோகம். தராசு ஆபீசர்ம்பாங்க. ஆபீஸ் ஜீப்புல முன் சீட்டுதான் எனக்கு. ஆனா அது வேற. அங்க ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான் சொல்ற பக்கம் திருப்புவான். இவ திருப்புவாளா?

அதைத்தான் சொல்றேன்.

இந்த வளைவுல பாருங்க தம்பி. ஒண்ணுமில்லையா? நல்லாப் பார்த்தீங்களா? சரி.

இந்தப் பயணமே என்னோட யோசனை. ஒன்பது ஊரு மாத்தலாகிப் போனவன் நான். அந்த ஊருங்களை எல்லாம் ஒருக்கா போயிப் பார்த்துட்டு வரலாம், சனங்களும் சந்தோசப்படுவாங்கன்னு தோணுச்சு. வசந்தாமணி உடனே, "கேரவன் எடுத்துட்டுப் போலாமுங்க"ன்னா. லாட்ஜு சாப்பாடு எனக்கு ஒத்துக்காதுன்னு அவளுக்கு அக்கறை. அப்படித்தான் நினைச்சேன். கோயமுத்தூர்ல வாடகைக்கு எடுக்கப் போனா, உள்ள கட்டில் எப்படி, அடுப்பு எப்படின்னு நான் பார்த்துட்டிருக்கறேன், இவ முன்னால போயிக் கியர் எப்படி விழுது, பவர் ஸ்டியரிங்கா, பிரேக்கு காத்தா ஆயிலான்னு கேட்டுட்டிருக்கா. அந்தக் கம்பெனிக்காரன் எங்கிட்டப் பேசறதை வுட்டுப்போட்டு அவகிட்டயே பேசுனான். பொம்பளைங்களுக்கு எதையாச்சும் நோண்டி நோண்டிக் கேட்டுட்டிருந்தாத்தான் தூக்கம் வரும்னு நானும் வுட்டுட்டேன்.

எப்பவுமே அவ அப்படித்தானுங்க. ஒவ்வொரு மாத்தலுக்கும் நான் முன்னாடியே பஸ்ல போயிச் சார்ஜ் எடுத்துக்குவேன். சாமானையெல்லாம் கட்டி, லாரியில ஏத்தி, டிரைவர் பக்கத்துல உக்காந்து இவ வந்து சேருவா. ஒன்பது தடவை. வந்து இறங்குனதும், "களைச்சுப் போயிட்டியா"ன்னு கேட்டா, "இந்த லாரி அஞ்சு கியருங்க"ம்பா. நான் என்ன கேக்கறேன், இவ என்ன சொல்றா பாருங்க.

மொதல்ல காங்கேயம் போனோம். அங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. ஒரு கடைக்காரரு இருந்தாரு, என்னைப் பார்த்ததும் உள்ள போயிட்டாரு, அப்புறம் வரவே இல்லை. உடம்பு சரியில்லை போல.

தாராபுரந்தான் நீங்க பார்த்திருக்கோணும். பழைய ஆபீஸ் பியூன் மாரியப்பன் நம்பருக்குப் போன் போட்டுச் சொல்லியிருந்தேன், இன்னைக்கு வர்றேன்னு. பஸ் ஸ்டாண்டுகிட்ட வண்டியை நிறுத்துனதுதான், எங்கிருந்துதான் வந்துச்சோ கூட்டம். நூறு பேருக்குக் குறையாது. சைக்கிள்ல போறவன் நிக்கறான், பூக்காரம்மா நிக்குது, பள்ளிக்கூடம் வுட்டுப் போற புள்ளைங்க நிக்குது. செல்போனைத் தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சுங்க. சட்டையை மாத்திட்டு, தலையைச் சீவிட்டு, கதவைத் திறந்து படியில நின்னு ஒரு கும்பிடு போட்டேன்.

ஒரு சத்தமில்லை. அப்படியே நின்னாங்க. உணர்ச்சிவசப்பட்டா மனுசன் அப்படித்தானே நிப்பான். ஒருத்தன் பக்கத்துல இருக்கறவன்கிட்ட, "இவருதானா?"ன்னு கேட்டான். பேரைக் கேள்விப்பட்டிருக்கான் பாருங்க. இன்னொருத்தன் கிட்ட வந்து, "சார், உள்ள வேற யாரும் இல்லீங்களா?"ன்னான். சம்சாரம் இருக்கான்னேன். அவனுக்குத் துக்கம் தாங்கல, தலையில கையை வெச்சுட்டுப் போயிட்டான். பூக்காரம்மா மட்டும், "நீங்க எதுல வர்றீங்க சாமி?"ன்னுச்சு. அரசாங்க உத்தியோகம்னேன். "டிவியிலயா, தியேட்டர்லயா"ன்னுச்சு. அதுக்குப் பாவம் விவரம் பத்தல.

திரும்பி உள்ள வந்தா வசந்தாமணி பாத்திரம் கழுவற தொட்டியைப் பிடிச்சுட்டுக் குலுங்கறா. நானும் முதுகைத் தடவிக் குடுத்து, "அழுவாத, சனங்க நம்மளை மறக்கல"ன்னேன். அவ இன்னும் குலுங்குனா. அந்த ரங்கராஜு வண்டிக்கு அடியில குனிஞ்சு எதையோ தேடிட்டே இருந்தான், ரொம்ப நேரம் வெளிய வரல.

மாரியப்பன் மட்டும் வரலீங்க. விசாரிச்சா, அவன் எப்பவோ மகன்கூட ஓசூர் போயிட்டானாம், நான் பேசுனது வேற யாருகிட்டயோ. அங்கிருந்தே ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கான்னா எப்பேர்ப்பட்ட மனுசன்.

உடுமலையிலயும் இதே கூட்டம். பொள்ளாச்சியில போலீசு வந்து ஒழுங்குபடுத்துனாங்க.

ஆனா ஒரு விசயம் சொல்லோணும். ரங்கராஜு நல்ல டிரைவர். அதாவது மத்தியானத்துக்கு மேல நல்ல டிரைவர். காலையில அவன் பிரேக்குப் போட்டா அடுப்பு மேல இருக்கற டம்ளர் வாசப்படிக்கு வந்துரும். வேகத்தடையைப் பார்க்கவே மாட்டான். ஆனா மத்தியானம் சாப்புட்டுட்டு நான் கட்டில்ல படுத்தன்னு வெச்சுக்கங்க, வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியாது. தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி. ரெண்டு மணி நேரம், ரெண்டரை மணி நேரம் அசந்து தூங்குவேன். எழுந்திரிச்சா அடுத்த ஊரு வந்திருக்கும். வயித்துல சோறு விழுந்தாத்தான் அவனுக்குக் கை நிதானத்துக்கு வரும் போல, சில பேருக்கு அப்படி. வசந்தாமணிகிட்டயும் சொன்னேன், "ரங்கராஜு மத்தியானம் ஓட்டறான் பாரு, அது வண்டி ஓட்டறது"ன்னு. அவ எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊத்துனா.

பொள்ளாச்சியில அவனைக் கூப்பிட்டு, "மத்தியானம் நீ ஓட்டுனதுக்கு"ன்னு சொல்லிக் கையில டிப்ஸ் குடுத்தேன். அவன் என்ன பண்ணுனாங்கறீங்க? ரெண்டு கையாலயும் வாங்கி, நேரா வசந்தாமணிகிட்டப் போயி, "அம்மா, இது உங்களுக்குத்தான்"னு நீட்டிட்டான். அவளும் வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. எசமானியம்மா மேல அவ்வளவு மரியாதை. இந்தக் காலத்துல எங்கீங்க பார்க்க முடியும்?

வளைவு வருது. பாருங்க, பாருங்க. அங்க என்ன வெள்ளையா? பாறையா? பாறைதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ஆமா, பாறைதான். சுண்ணாம்பு அடிச்ச கோயில் பாறை.

கோவம் ஒரு பக்கம். ஆனா இந்த ரோட்டைப் பாருங்க. எதுத்தாப்பல லாரி வந்தா ஒதுங்கறதுக்கு இடமில்லை. அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு வெந்நீர் வெக்கக் கூடத் தெரியாது. வெந்நீருக்காகச் சொல்லலீங்க. அவ இல்லாத வீட்டுல போயி எப்படி உக்காருவேன்? பயமா இருக்குது தம்பி, அவ்வளவுதான்.

சரி, மேட்டுப்பாளையத்துக்கு வர்றேன். நேத்து சாயங்காலமே வந்துட்டோம். அங்க உருளைக்கிழங்கு மண்டிதான் என்னோட கோட்டை. மண்டிக்குள்ள நான் நுழைஞ்சா அப்ப ஈ பறக்காது. இன்னைக்குக் காலையில அந்தப் பக்கம் நடந்து போனனா, ஒரு பெரியவரு, எம்பது வயசு இருக்கும், என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. பார்த்த சூட்டோட ஒரு காலிச் சாக்கை எடுத்துத் தராசு மேல போத்திட்டாரு. முப்பது வருஷம் கழிச்சும் மறக்கல பாருங்க. அவரு மகன் ஓடி வந்து, "ஏனுங்கப்பா, என்னாச்சு"ன்னு கேக்கறான். அவரு என்னைக் கை காட்டறாரு. நானும் கிட்டப் போயி, சாக்கைத் தூக்கி, சீலு எங்க இருக்குதுன்னு குனிஞ்சு பார்த்தேன். பழக்க தோசந்தான். "யாருங்க நீங்க, உங்களுக்கு என்னங்க வேணும்"னு அந்த மகன் கேட்டான். நான் பேரைச் சொன்னேன். "சரி, அதுக்கு?"ன்னான். இப்பத்தப் பசங்களுக்குப் பெரியவங்க எதையும் சொல்லி வளர்க்கறதில்லை.

வண்டிக்கு வந்து, அடுத்தது சத்தியமங்கலம், அப்புறம் கோபி, அப்படியே திருப்பூர்ன்னேன். அப்பத்தான் வசந்தாமணி ஆரம்பிச்சா. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கோத்தகிரி ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமுங்க."

இதை அவ திருப்பூர்ல கிளம்பறப்பவே கேட்டா. காங்கேயத்துல கேட்டா. உடுமலையில கேட்டா. பொள்ளாச்சியில கேட்டா. அங்க என்ன இருக்குதுன்னு நானும் ஒவ்வொருக்காவும் சொல்லியிருக்கறேன். கோத்தகிரியில நான் ஏழே மாசந்தான் இருந்தேன். ஒரு பேரெடுக்கற அளவுக்கு அங்க ஒண்ணும் பண்ணல. யாருக்கு என்னை ஞாபகம் இருக்கும்? "உங்களை இல்லாட்டி என்னுங்க"ன்னா. இது என்ன பேச்சு? நான் டீ குடிச்சுட்டு வர்றேன்னு இறங்கிட்டேன். ரங்கராஜுவும் பின்னாடியே இறங்குனான். சாவியை வண்டியிலயே வுட்டுட்டு வந்திருக்கான், அவ்வளவு அஜாக்கிரதை. வண்டி போனதுக்கு அப்புறமாச்சும் பதறோணுமில்ல? "அம்மா நல்லா ஓட்டுவாங்க சார்"ங்கறான். உனக்கு எப்படித் தெரியும்னேன். "பார்த்தாத் தெரியாதுங்களா"ன்னுட்டு இன்னொரு வடை கேட்டான்.

கோத்தகிரியில ஏன் ஏழே மாசம்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கல, நானே சொல்றேன். குளிரு. எனக்குக் குளிரு ஒத்துக்கலீங்க. மூட்டு வலி. அப்ப எனக்கு வயசு முப்பத்திரெண்டு. முப்பத்திரெண்டு வயசுல வராதுன்னு எந்த டாக்டரு சொன்னான்?

அந்த ஊருல எங்க பக்கத்து வீட்டுல ஒரு நர்ஸம்மா குடியிருந்தாங்க. ஸ்டெல்லா சிஸ்டர். கல்யாணம் ஆகல, ஒத்தை ஆளு. எஸ்டேட் எஸ்டேட்டாப் போயி ஊசி போடறதுக்கு ஒரு பழைய ஜீப்பு வெச்சிருந்தாங்க. வசந்தாமணி அவங்களோட துணைக்குப் போயிட்டு வருவா. நானும் நல்ல காரியந்தானேன்னு வுட்டுட்டேன். வசந்தா அப்ப எப்பப் பார்த்தாலும் பாட்டு முணுமுணுத்துட்டே இருப்பா. கையில கிரீஸு வாசம் அடிக்கும். அடுப்படியில எப்படிக் கிரீஸுன்னு நானும் கேக்கல.

ஒருநாளு மார்க்கெட்டுல கடை கடையா முத்திரை பார்த்துட்டிருக்கறேன். சந்தை நாளு, கூட்டம் நெரியுது. மேட்டுல இருந்து அந்த ஜீப்பு இறங்குது. ஸ்டியரிங்ல யாருங்கறீங்க? எங்க ஊட்டம்மா. தலையில ஸ்கார்ப்பு கட்டிட்டு. பக்கத்துல ஸ்டெல்லா சிஸ்டர் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க. ஒரு பக்கம் காய்கறி மூட்டை, இன்னொரு பக்கம் குதிரை, நடுவுல ஒரு சாண் இடம். அதுல எதையும் தொடாம கொண்டு போயிட்டா. கடைக்காரனுங்க அத்தனை பேரும் எழுந்திரிச்சுக் கையைத் தட்டறானுங்க. எனக்கு ஒருநாளும் எழுந்திரிக்காத பயலுக. ஒருத்தன் சொல்றான், "சார், எங்க தராசு முள்ளைப் பார்க்க வந்தீங்க, உங்க ஊட்டு முள்ளு எங்களுதைக் காட்டிலும் நேரா நிக்குதே"ன்னு. ஊரே சிரிக்குது. அப்பேர்ப்பட்ட இடத்துல ஒரு ஆபீசரு எப்படி நிக்கறது?

மறுநாளு மாத்தலுக்கு எழுதிக் குடுத்துட்டேன். குளிருன்னுதான். மூட்டு வலிதான். மேலதிகாரி கூட, "இப்பச் சித்திரை மாசமாச்சே"ன்னாரு. சித்திரையில குளிராதா? கோத்தகிரியில குளிருமுங்க.

அதுக்கப்புறம் வசந்தாமணி வண்டிப் பேச்சே எடுத்ததில்லை. நானும் அது அதோட முடிஞ்சுது, அவளுக்கே இஷ்டமில்லைன்னு நினைச்சேன். பாட்டும் முணுமுணுக்கறதில்லை. வயசானா குறைஞ்சுரும். அவளுக்கு அப்ப இருபத்தேழு.

அவ போனை வெச்சதும் நானே திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டேன், "லைசென்ஸு இல்லாம வண்டி எடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா"ன்னு. இருக்குதுங்கறா. கோத்தகிரியிலயே எடுத்தாளாம். தேதி முடியறப்பெல்லாம் புதுப்பிச்சு வெச்சிருக்காளாம். எனக்குத் தெரியாம எப்படின்னேன். "கண்ணு டாக்டர்கிட்டப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானுங்களே போனேன். கண்ணைப் பார்க்காம லைசென்ஸு குடுப்பாங்களா"ங்கறா. பொய்யுன்னும் சொல்ல முடியல பாருங்க. ஈரோட்டுல அவ தங்கச்சி வீட்டுக்குப் போனா ரெண்டு நாளு தங்குவா, தங்கச்சிகிட்டக் கார் இருக்குது. இப்பத்தான் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா விளங்குது. முழுசா விளங்கல.

ஏன் இப்படிப் பண்ணுனாங்கறதுதான் விளங்கல. அவளுக்கு என்ன குறை வெச்சேன்? யோசிச்சுப் பார்த்தேன். மண்டிக்கு அவளைக் கூட்டிட்டுப் போகலைன்னு கோவமா இருக்கும். இல்லாட்டி காலையில இட்லி கல்லாட்டம் இருக்குதுன்னு சொன்னேன், அதுவா இருக்கும். இல்லாட்டி தாராபுரத்துல எனக்கு அவ்வளவு கூட்டம் வந்துச்சே, அதுல ஒரு இது. பொம்பளைங்க மனசு. நீங்க என்ன நினைக்கிறீங்க?

சிரிக்காதீங்க தம்பி. நியாயத்தைச் சொல்லுங்கன்னா சிரிக்கறீங்க.

இதுதான் கடைசி வளைவா? பள்ளத்துல ஒண்ணுமில்லையே? மகராசி, வந்து சேர்ந்திருப்பா. எப்படித்தான் இந்த வளைவையெல்லாம் திருப்புனாளோ. இந்த பஸ் டிரைவரே ரெண்டு இடத்துல பின்னால வந்து வந்து திருப்புனான்.

நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். உக்காந்துக்கறேன். பெருந்தன்மையா உக்காந்துக்கறேன். தூங்கல. பார்த்துப் போன்னும் சொல்லல. மனசுக்குள்ள சொல்லிக்குவேன், அது அவளுக்குக் கேக்காது. கீழ சமவெளி வந்ததும் ரங்கராஜுகிட்டக் குடுத்துரட்டும். அவன் மத்தியானம் ஓட்டற மாதிரி ஓட்டுனான்னா நிம்மதியாப் படுத்துட்டு வருவேன்.

அதோ மார்க்கெட்டு. அட, கூட்டத்தைப் பாருங்க. நான் வர்றது இங்கயும் தெரிஞ்சு போச்சா? நம்ம வண்டிதான் அது. கீறல் கூட இல்லை. தெய்வமே. ஒரு கீறல் இல்லை பாருங்க தம்பி.

என்னது, கையைத் தட்டறாங்க? நான் இன்னும் இறங்கவே இல்லையே.

ஓ. அவளைப் பார்த்துத் தட்டறாங்க. கண்ணாடியை இறக்கி வுட்டுட்டு, ஸ்டியரிங் மேல முழங்கையை வெச்சுட்டு, எப்படி உக்காந்திருக்கா பாருங்க. தலையில என்ன அது? ஸ்கார்ப்பு கட்டியிருக்கா. அந்தப் புள்ளை போட்டோ எடுக்குது. இவளை யாரோ நடிகைன்னு நினைச்சுட்டாங்க போல. சனங்களுக்குச் சுத்தமா விவரமே இல்லை. கேரவனைப் பார்த்தா உடனே சினிமான்னு ஓடியாந்துருவாங்களா?

கேரவனைப் பார்த்தா...

இருங்க தம்பி. தாராபுரத்துல... இருங்க, இருங்க. போன் அடிக்குது. அவதான். பஸ்ஸைப் பார்த்துட்டா.

அலோ. ம். வந்துட்டேன். இதோ இறங்கறேன். இங்க பாரு வசந்தா, ஒரு விசயம், நான் யோசிச்சுப் பார்த்துட்டேன். முன் சீட்டுல உக்காந்துக்கறேன். ஆமா. நெசமாத்தான். தூங்கல. என்னது? இடமில்லையா? ஏன்? யாரு உக்காந்திருக்கா?

ஸ்டெல்லா சிஸ்டரா?

நல்லா இருக்காங்களா? ம். ம். சிரிக்கறது எனக்கே கேக்குது. சரி, அப்ப நான் எங்க உக்கார்றது? கட்டில்லயா? தூங்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன? என்ன? தூங்கலாமா? என்ன சொன்ன, மறுக்காச் சொல்லு. தெனமும் மத்தியானம் தூங்கற மாதிரியே தூங்குங்க, நானும் தெனமும் ஓட்டற மாதிரியே அலுங்காம ஓட்டறேன்...

தெனமும்னா?

வசந்தா, சித்த லைன்ல இரு.

ரங்கராஜு. டேய் ரங்கராஜு, எந்திரி. ஒண்ணு கேக்கறேன், நேராச் சொல்லு. உடுமலைக்கு மத்தியானம் வண்டி ஓட்டுனது யாரு? பொள்ளாச்சிக்கு? நான் தூங்குன நேரமெல்லாம் யாரு ஓட்டுனா?

என்ன சொல்றான் கேட்டீங்களா தம்பி? "டிப்ஸை அன்னைக்கே அம்மாகிட்டக் குடுத்துட்டனே சார்"ங்கறான்.

நீங்க சிரிச்சுக்கங்க. கண்டக்டரும் சிரிக்கறாரு, சிரிக்கட்டும். மேட்டுப்பாளையம் மேட்டுப்பாளையம்னு அவரு கூவறது எனக்குத்தான். இதே பஸ்ஸு திரும்புது. இப்படியே உக்காந்துட்டா சாயங்காலம் திருப்பூர்.

அலோ. இருக்கறேன். இல்லை, கோவிக்கல. நல்லாத்தான் ஓட்டுன. நல்லாத்தான் ஓட்டுனன்னு சொல்றேன், சத்தமாச் சொல்லோணுமா? பஸ்ல ஆளுங்க இருக்காங்க. நல்லா ஓட்டுன வசந்தா. போதுமா?

என்ன? ஸ்வெட்டரா? எனக்குத்தான் எடுத்து வெச்சிருக்கியா? குளிரு ஒத்துக்காதுன்னா?

வேண்டாம். உள்ள வை. குளிரல. கதவு ஜன்னலெல்லாம் திறந்துதான் இருக்குது, நல்ல காத்து அடிக்குது, எனக்குக் குளிரல. இந்த ஊருல அப்படியொண்ணும் குளிரு இல்லை வசந்தா.

ஏன், பேச்சையே காணோம்? அலோ. இருக்கியா? சரி, சரி. கண்ணைத் துடை, சனங்க போட்டோ எடுக்கறாங்க.

தம்பி, அந்தப் பையை எடுத்துக் குடுங்க. அது இல்லை, பச்சைப் பை. இருங்க, அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை. வசந்தா, ஸ்டெல்லா சிஸ்டர் எங்க இறங்குவாங்கன்னு கேட்டு வை. அவங்க இறங்குனதும் அந்தச் சீட்டு எனக்கு.